வெற்றிலை பத்தாது

பாய்களை விரிக்கும்போதே அத்தையின் பாயை எங்கே போடுவது என்று செல்வப்பிரியா முடிவு செய்திருந்தாள். கடைசி வரிசையில், கதவுக்கு முதுகு காட்டி, பிடித்துக்கொள்ளச் சுவரோ ஜன்னலோ எதுவும் கைக்கு எட்டாத இடத்தில். எருத்தேன்பதிப் பஞ்சாயத்தின் சாம்ஸ்காரிக நிலையம் என்கிற கலாச்சார மையத்துக் கூடத்தில் அப்படி ஓர் இடம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. பழைய மலையாளப் பத்திரிகைக் கட்டுகளும், தேர்தலுக்கு மட்டும் வெளியே வரும் மேசைகளும் ஒரு பக்கத்துச் சுவரை அடைத்துக்கொண்டது போக, மீதி எல்லாம் வெறும் தரைதான். பச்சைப் பாயை உதறி விரித்து, சுருண்ட ஓரத்தைக் காலால் நீவிவிட்டு, எட்ட நின்று பார்த்தாள். இன்றைக்கு வியாழக்கிழமை. நாளை சாயங்காலம் பால் சொசைட்டித் தலைவர் வீட்டில் அவர் மகனுக்கு இணைச்சீர். அந்தச் சீரை நடத்திக்கொடுக்க அத்தை கமலாத்தாள் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார வேண்டும். அவளை உட்கார விடக்கூடாது. மூன்று வாரமாகச் செல்வப்பிரியாவின் மனத்தில் இருந்தது இந்த ஒரே வேலைதான்.

வகுப்பு ஏழு மணிக்கு. காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் கேன்களை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெண்கள் உள்ளே வருவார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பாதிப் பேர் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டுதான் வருவார்கள், அவளும் கண்டுகொள்வதில்லை. கணவன் இறந்த இரண்டாம் வருடம் கோயமுத்தூரில் ஒரு வருட யோகாப் படிப்பு படித்து, ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்த வேலை இது. ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர்கள் எருத்தேன்பதிப் பெண்கள் வாயில் நுழையவில்லை. அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். அர்த்த மத்ஸ்யேந்திராசனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'துணி பிழியறது'. உட்கார்ந்தபடி ஒரு காலை மடித்து, மற்ற காலை அதைத் தாண்டி ஊன்றி, எதிர்க்கையை முட்டிக்கு அண்டை கொடுத்து, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருகித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை செய்துகொண்டிருந்ததை, அத்தை சேர்ந்த பிறகு நிறுத்தி வைத்துவிட்டாள். கேட்டவர்களிடம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் இந்த வியாழக்கிழமையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

இணைச்சீர் என்பது மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளுக்கு நடக்கிற மரியாதை. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம், அக்காளோ தங்கையோ தலையில் மூங்கில் பேழையோடு சபைக்கு வந்து அவன் பக்கத்தில் உட்காருவாள். பேழைக்குள் நாளை வரப்போகிறவளுக்கான கூறைச்சேலை இருக்கும். அருமைக்காரர் அவள் முந்தானை நுனியை எடுத்து அவன் கையில் கொடுப்பார். நாளைக்கு ஒருத்தி வருகிறாள், அதற்காக இவளை விட்டுவிடாதே என்று ஊரைச் சாட்சி வைத்துச் சொல்வதுதான் அது. சீரை நடத்துகிற அருமைக்காரரும் அவர் மனைவியும் புருசன் பெண்டாட்டியாக, பிள்ளை குட்டியோடு, ஒரு குறையும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். இந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த இடத்தில் பதினெட்டு வருடமாக இருப்பவர்கள் மாமா சென்னியப்பனும் அத்தை கமலாத்தாளும். மாமா வாயைத் திறக்க மாட்டார். சீரில் யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அத்தை வைத்ததுதான் சட்டம்.

செல்வப்பிரியாவின் அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு, தம்பி சிவப்பிரகாஷுக்கு ஒன்பது. அவனுக்குத் தலை சீவி விட்டதும், பத்தாம் வகுப்பில் மலையாளத்தில் தோற்றபோது சித்தூர் வரைக்கும் டியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் காத்துக் கிடந்ததும், அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூன்று மாதம் உப்பில்லாமல் தானும் சாப்பிட்டதும் அவள்தான். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், சீருக்கு யார் என்கிற பேச்சு வந்தது. அவளே போய் அத்தையிடம் கேட்டாள். புருசன் இல்லாதவள் என்பதை மறைத்து வைக்க முடியாது, அதனால் நேராகவே கேட்டாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவி, நீ உக்கோராம வேற ஆரு கண்ணு உக்கோருவா, காலம் மாறிப் போச்சு என்று சொன்னாள். அந்த வார்த்தையை நம்பி அவள் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்தாள். பேழையை அவளே கழுவி வெயிலில் காய வைத்தாள்.

சீருக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அத்தை அவளைக் கூப்பிட்டாள். அத்தையின் குரலில் அவ்வளவு கனிவு அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

"வெத்தலை பத்தாது கண்ணு. ஒரெட்டு வேலந்தாவளம் போயி வாங்கிட்டு வந்துரு. நீ வந்தப்பறந்தான் ஆரம்பிக்கோணும்."

பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். சந்தை நாள். விற்ற மாடுகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் திரும்பும் நேரம். வேலந்தாவளம் முக்கில் மாடும் லாரியும் மனிதரும் பின்னிக் கிடந்து, முக்கால் மணியில் திரும்ப வேண்டியவள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். அதற்குள் முந்தானையை எடுத்துக் கையில் கொடுக்கிற கட்டமே முடிந்திருந்தது. தம்பி பக்கத்தில் சித்தப்பா மகள் இந்து உட்கார்ந்திருந்தாள். பேழை அவள் மடியில் இருந்தது. சபையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். செல்வப்பிரியா ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டோடு அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பட்டுச்சேலையின் மடிப்பு நனைந்து காலோடு ஒட்டியது. அத்தை என்று கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டாள். கமலாத்தாள் திரும்பவே இல்லை. கட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. பிறகு அவளே கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்தாள். அங்கே, பந்திச் சாமான்களுக்கு நடுவில், மூன்று கட்டு வெற்றிலை பிரிக்காமல் கிடந்தது.

இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. நேரம் தப்பிடும்னுதான் கண்ணு என்று மறுநாள் அத்தை போகிற போக்கில் சொன்னதோடு சரி. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை நம்பிக்கொண்டார்கள், நம்புவது சௌகரியமாக இருந்ததால். தம்பியும் விடுக்கா, போட்டோவுல நீயும் இருக்கறயே என்றான். இருக்கிறாள்தான். ஓரத்தில், பாதி தோளோடு. செல்வப்பிரியா அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அவளுக்கு அந்த முதுகு மட்டும் மறக்கவில்லை. மாம்பழ நிறப் பட்டு ஜாக்கெட், நடுவில் ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது, கொண்டைக்குக் கீழே வியர்வை. அடுப்படியில் நிற்கும்போதும் வகுப்பில் மற்றவர்கள் முதுகைத் தொடும்போதும் அந்த முதுகுதான் நினைவுக்கு வந்தது.

அப்பேர்ப்பட்ட முதுகு ஒருநாள் தானாகவே அவளிடம் வந்து சேர்ந்தது. தீவனக் கட்டைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று கமலாத்தாள் ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போக, டாக்டர் ஜோமோள் தைலம் எழுதிக் கொடுத்துவிட்டு, நம்முடைய டீச்சரிடம் நாலு நாள் யோகாவுக்குப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அத்தை ஒன்றுமே நடக்காததுபோல வந்தாள். செல்வப்பிரியாவும் ஒன்றுமே நடக்காததுபோல வாங்கத்தை என்றாள். உடம்பு விவரம் எழுதுகிற மலையாளத் தாளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக் கேட்டாள். பிரஷர் இல்லை, சுகர் இல்லை, இடுப்புத் தேய்மானம் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் புடிப்புதான் கண்ணு, நாலு நாளுல போயிரும். கடைசியில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது, அத்தை முட்டியில் கையை ஊன்றி, இடது காலை லேசாக இழுத்து எழுந்ததைச் செல்வப்பிரியா பார்த்துக்கொண்டாள். அது பிடிப்பு இல்லை என்பது படித்தவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அத்தை வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து பெரிய உறை ஒன்று எட்டிப் பார்த்தது. கோயமுத்தூர் ஸ்கேன் சென்டர் உறை. வீட்டில் வைத்தால் மருமகள் கண்ணில் பட்டுவிடும், மருமகள் கண்ணில் பட்டால் ஊர் காதுக்குப் போய்விடும், தரையில் உட்கார முடியாத அருமைக்காரியை அப்புறம் யார் சீருக்குக் கூப்பிடுவார்கள்? அதனால்தான் கூடவே சுமந்துகொண்டு திரிகிறாள். செல்வப்பிரியா உறையைப் பிரித்துப் படித்தாள். இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து தூக்கக்கூடாது, உடம்பைத் திருகக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்த சீட்டு ஒன்றும் உள்ளே இருந்தது. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டாள். அவள் பார்த்தது அத்தைக்குத் தெரியாது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அத்தை கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. நாளைக்கு என்ன ஆனாலும் டீச்சரை ஒரு ஆள் குற்றம் சொல்ல முடியாது. அன்று ராத்திரி அவள் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இப்போது அத்தை பச்சைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். முன் வரிசைகளில் பதினோரு பேர். கழுத்து, தோள், கணுக்கால் என்று வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்து முடித்ததும், செல்வப்பிரியா இன்றைக்குத் துணி பிழியலாமுங்க என்றாள். சொசைட்டியில் பால் அளக்கிற சந்தனம், அப்பாடி ஒரு மாசமாச்சு என்று சலித்தபடியே உற்சாகமாகக் காலை மடித்தாள். கூடம் முழுக்கப் புடவையும் நைட்டியும் சுடிதாரும் இடப்பக்கம் வலப்பக்கம் என்று குழம்பி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சரிசெய்துகொண்டு, ஒருவழியாக உட்கார்ந்தன. அத்தை மடித்த காலைக் கையால் எடுத்து வைப்பதை செல்வப்பிரியா முன்னாலிருந்தே பார்த்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். ஒருவர் தோளைத் தட்டினாள், ஒருவர் முட்டியைத் தள்ளி வைத்தாள். கடைசி வரிசைக்கு வந்து, அத்தையின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

இரண்டு கை போதும். ஒரு கை வலது தோளில், ஒரு கை இடது விலாவில். மூச்சை விடும் நேரம் பார்த்து, ஒன்றை இழுத்து மற்றொன்றைத் தள்ள வேண்டும். உதவி செய்கிற கைக்கும் கெடுக்கிற கைக்கும் வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசமே கிடையாது. முதுகை நேராக்குங்கத்தை என்றாள். மூச்சை இழுங்க என்றாள். கைகளை வைத்தாள்.

வைத்ததும் அந்த உடம்பு சிலிர்த்தது. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் ஓடுமே, அதுபோல ஜாக்கெட்டுக்குக் கீழே ஒரு நடுக்கம் ஓடி இடுப்பில் போய் நின்றது. அத்தை பயந்திருந்தாள். இந்தத் திருகல் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சை விடுங்க என்று செல்வப்பிரியா சொன்னாள். அத்தை விட்டாள். தள்ள வேண்டிய கை தள்ளவில்லை. தள்ளு என்று அவள் உள்ளுக்குள் அதட்டினாள். அந்தக் கை எத்தனையோ முதுகுகளைத் தொட்டுத் தொட்டு, நடுங்குகிற இடத்தில் தானாக இளகிப் பழகிய கை. இப்போதும் இளகிவிட்டது. இரக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்கே போயிருப்பாள். அப்படி ஒரு எரிச்சல் வந்தது அவளுக்கு, அத்தை மேல் வந்ததைவிடத் தன் கை மேல். இருபத்தோரு நாள் திட்டம் போட்டு, பாயைக்கூட அளந்து விரித்துவிட்டு, கடைசியில் இந்தக் கை ஆஸ்பத்திரிச் சம்பளத்துக்கு நாணயமாக நடந்துகொள்கிறது.

அந்த எரிச்சலில்தான் அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"போதுமுங்கத்தை. இது உங்களால ஆகாதுங்க. சும்மா உக்கோந்துக்குங்க."

கூடத்தில் பதினோரு பேரும் ஏற்கெனவே பின்பக்கம் திரும்பித்தான் இருந்தார்கள், ஆசனமே அதுதானே. இருபத்திரண்டு கண்கள் பச்சைப் பாயைப் பார்த்தன. சந்தனம், ஏனுங் அருமைக்காரம்மா, முடியலீங்களா என்று கேட்டாள். நல்ல மனத்தோடுதான் கேட்டாள். ஆனால் கேட்ட இடமும் நாளும் சரியில்லை. நாளைக்குச் சீர் நடத்தப் போகிறவளைப் பார்த்து, ஆகாது என்று தாலியறுத்தவள் ஒருத்தி சபையில் சொல்வதா? கமலாத்தாளின் காது மடல் சிவந்ததைச் செல்வப்பிரியா பின்னால் இருந்து பார்த்தாள்.

"எனக்கென்ன கேடு? நீ எண்ணு," என்றாள் கமலாத்தாள். சொன்ன வேகத்திலேயே முட்டியைக் கையால் அணைத்து, பல்லைக் கடித்து, யாரும் தொடாமல் தானாகவே உடம்பைத் திருகினாள். கால்வாசி திரும்பியிருப்பாள். தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் வந்து அடங்கியது. பக்கத்துப் பாய்க்குக்கூடக் கேட்காத சத்தம். வேண்டாமுங்க, விடுங்க என்று சொல்ல அந்தக் கணத்தில் நேரம் இருந்தது. செல்வப்பிரியா எழுந்து முன்னால் நடந்தாள். ஒன்று என்றாள். ஐந்து மூச்சு வரைக்கும் எண்ண வேண்டும். அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நின்று நின்று எண்ணினாள்.

கடைசியில் எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொன்னபோது அத்தை மட்டும் படுக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டு, கேன்களை எடுத்துக்கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். போலாமுங்களா என்று சந்தனம் கூப்பிட்டதற்கு, நீங்க நடங்க, எங்கண்ணன் புள்ளகிட்ட ஒரு சங்கதி பேசோணும் என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஒரு சபாஷ் போடலாம் என்று செல்வப்பிரியா நினைத்தாள். வெளியே வண்டிச் சத்தங்களும் பேச்சும் தேய்ந்தன. அத்தை அப்படியே இருந்தாள். நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குத் தண்டில் இறங்கியிருந்தது.

"அந்தக் கதவைச் சாத்து கண்ணு. ஆராச்சும் பாத்துருவாங்க."

செல்வப்பிரியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். என்னங்கத்தை என்றாள், தெரியாதவள்போல. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அசைந்தால் உயிர் போகிறது என்று அத்தை சொன்னாள். கோயமுத்தூர் ஸ்கேன் கதையையும் ஜவ்வுக் கதையையும் அவளாகவே சொன்னாள். மாமாவுக்கே தெரியாதாம். இன்றைக்கு ஒருநாள் தைலம் போட்டு, ஒத்தடம் கொடுத்து, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டால் நாளைக்குச் சமாளித்துவிடலாம். இப்போது எழுந்து வண்டி வரைக்கும் போய்விட்டால் போதும். அத்தை கையை நீட்டினாள். செல்வப்பிரியா குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. வைத்த வன்மமெல்லாம் இதற்கே போதும் என்று ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மை. தூக்கத்தான் போனாள். இன்னொரு கையை அத்தையின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, காலை அகட்டி ஊன்றியும்விட்டாள்.

அப்போது கமலாத்தாள் அவளை நம்பி, உரிமையோடு, மனம்விட்டுச் சொன்னாள்:

"ஆருகிட்டயும் மூச்சு உட்டறாத சாமி. உன்னையாட்ட இருக்கறவ ஒரு மூலையில கெடந்தாலும் ஆரும் கேக்க மாட்டாங்க. நான் உக்கோராட்டி ஊரே கேக்குமல்லோ."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தண்ணீர் பள்ளத்தில் ஓடும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். செல்வப்பிரியாவுக்கு அதுதான் தாங்கவில்லை. குத்திப் பேசியிருந்தால் தூக்கி நிறுத்தியிருப்பாள், திட்டியிருந்தாலும் தூக்கி நிறுத்தியிருப்பாள். அக்குளில் இருந்த கையை மெல்ல எடுத்தாள். பிடித்திருந்த கையையும், அத்தைக்கு வலித்துவிடாமல், பாய்மேல் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னல் கம்பியில் துணிப்பை தொங்கியது, அதற்குள் செல்போனும் இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வெத்தலை பத்தாதுங்கத்தை," என்றாள். "ஒரெட்டு வேலந்தாவளம் போயி வாங்கிட்டு வந்தர்றேன். நான் வந்தப்பறம் எந்திரிச்சுக்கலாம்."

அத்தைக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. செல்வப்பிரியா அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், செருப்பை மாட்டி, கதவை மறுபடியும் நன்றாகச் சாத்தினாள். பூட்டவில்லை. அத்தை கேட்டுக்கொண்டபடி சாத்தி மட்டும் வைத்தாள்.

சந்தை நாள் இல்லை என்பதால் வழி முழுக்கக் காலியாகக் கிடந்தது. இருபது நிமிடத்தில் போகிற தூரத்தை அவள் அரை மணி ஓட்டினாள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள், சொட்டுநீர்க் குழாய் போட்ட தக்காளிக் காடு, கள்ளுக்கடை வாசலில் நாய். எதிரே வந்த தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். வேலந்தாவளம் முக்கில் வண்டியை நிறுத்தி, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, ஒரு டீ சொன்னாள். கூட ஒரு பருப்பு வடையும் சொன்னாள். காலையிலிருந்து வெறும் வயிறு. வடை சூடாக இருந்ததால் ஊதி ஊதித் தின்றாள். அறுபத்திரண்டு வயதுக்காரி, சர்க்கரை இருந்தாலும் இல்லையென்றுதானே சொல்லியிருப்பாள், ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. பட்டுச்சேலை நனைந்து காலோடு ஒட்டியது உடனே ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு டீ குடிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வயிறு குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

வெற்றிலைக்காரர் அதே ஆள். விரலால் ஒவ்வொரு அடுக்காக நீவிக் காட்டி, சீருங்களா என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றாள். "போன வருசமே முடிஞ்சிருக்கோணும். இன்னிக்குத்தான் கூடி வந்துச்சு."

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, நல்ல தளிர்க் கட்டாகப் பார்த்து எடுத்து, தண்ணீரில் ஒருமுறை முக்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதை வண்டியின் கொக்கியில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். திரும்பும்போது வேகமாகவே ஓட்டினாள். எதற்கு அந்த வேகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாம்ஸ்காரிக நிலையத்து வாசலில் வேறு வண்டி இல்லை, செருப்பும் அத்தையுடையது மட்டுந்தான். யாரும் வரவில்லை, அத்தை யாரையும் கூப்பிட்டுக் கத்தவும் இல்லை. கத்த மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கத்தினால் ஊர் வரும், ஊர் வந்தால் நாளைக்கு அந்த இடத்தில் வேறொருத்தி உட்காருவாள். செல்வப்பிரியா கதவைத் தள்ளித் திறந்தாள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வந்து பச்சைப் பாயின் ஓரத்தைத் தொட்டிருந்தது. கமலாத்தாள் அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தாள், இரண்டு கையையும் இரு பக்கமும் ஊன்றி. ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அழுதிருக்கிறாளா என்று பின்னால் இருந்து பார்த்தால் தெரியவில்லை.

"கண்ணு," என்றாள் அத்தை. திரும்பாமல்தான் சொன்னாள். "வந்துட்டயா?"

செல்வப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டாள். நாலு எட்டு நடந்து, சரியாக அன்றைக்கு நின்ற தூரத்தில், அந்த முதுகுக்குப் பின்னால் நின்றாள். வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் ஏந்தி முன்னால் நீட்டினாள். சாக்கிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது. அந்தச் சத்தம் அத்தைக்குக் கேட்டிருக்க வேண்டும். தோள் ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு ஊன்றிய வலது கையை விரல் விரலாகப் பின்னுக்கு நகர்த்தி வைத்தாள். முதுகு எலும்பு ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. மூச்சை இழுத்தாள், விட்டாள். விடும்போது வலது தோள் பின்னால் வந்தது, அதைத் தொடர்ந்து கழுத்து, அதைத் தொடர்ந்து காதுத் தோட்டின் சிவப்புக் கல். பாதிக் கன்னம் தெரிந்தது. அங்கேயே நின்று, நடுங்கி, மறுபடியும் மூச்சை இழுத்தாள்.

நீட்டிய கை வலித்தது. ஓர் எட்டு முன்னால் வைத்தால் கட்டை அவள் மடியிலேயே வைத்துவிடலாம். செல்வப்பிரியா அந்த ஓர் எட்டை வைக்காமல், கட்டையும் கீழே இறக்காமல், அந்த முகம் முழுதாகத் திரும்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.